நாற்பத்து நாலாயிரம் கேட்ட குரல்

மேடம், மேடம், ஒரு நிமிடம். உங்கள் டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கிறார். நான் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். வடை சூடாக இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரை நீங்கள் இந்த சைக்கிள் ஷெட்டில் நிற்கத்தான் வேண்டும். நின்றபடியே கேளுங்கள், போதும்.

பேங்க்கிலிருந்து வந்து எங்கள் பள்ளி மேடையில் சேமிப்பைப் பற்றிப் பேசும்போது கேட்டீர்கள் இல்லையா, "ஏலச்சீட்டுல பணத்தை விட்ட வீடு யாரோடது? வெக்கப்படாமக் கை தூக்குங்க, ம்?" என்று? நான் தூக்கினேன். நீங்கள் கவனிக்கவில்லை. வலது கையைத் தூக்கியிருந்தால் மாவுக்கட்டோடு பளிச்சென்று தெரிந்திருக்கும். இது தோளுக்கு மேல் வராது. இடது கையைத்தான் தூக்கினேன். பிறகு வலிக்கிறது என்று எழுந்து வெளியே போனேன். நீங்கள்கூட மைக்கிலேயே "பாத்துப் போம்மா, ம்?" என்றீர்களே, அந்தப் பெண் நான்தான்.

சிரிக்காதீர்கள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு 'ம்?' போடுகிறீர்கள். "ஆசை வேற, தேவை வேற, ம்? ஆறு மாசச் செலவை அவசரத்துக்குன்னு தனியா எடுத்து வைக்கணும், ம்?" பார்த்தீர்களா? அச்சாக உங்கள் குரல், உங்கள் வீட்டு நாயே வாலாட்டும். என் பெயர் மணிமொழி. பிளஸ் ஒன். அந்தப் பெயரில் யாரும் கூப்பிடுவதில்லை. மைனா. ஒரு தடவை கேட்டால் போதும், எந்தக் குரலும் என் தொண்டைக்குள் வந்து காலை நீட்டிப் படுத்துக்கொள்ளும். எங்கள் தலைமையாசிரியர் குரலில் இரண்டு தடவை லீவு விட்டிருக்கிறேன்.

சரி, சீட்டுக்கு வருகிறேன்.

எங்கள் தெருச் சீட்டு மொக்கராசுவுடையது. பழைய இரும்புக் கடைக்காரர். இருபது பேர், மாதம் ஐயாயிரம், ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு பதினொரு மணிக்கு அவர் கடையில் ஏலம். அவசரம் உள்ளவர் தள்ளு கேட்பார். "பதினைஞ்சு தள்ளி எடுத்துக்கிறேன்" என்றால் அவருக்கு எண்பத்தைந்தாயிரம்தான். யார் அதிகம் தள்ளுகிறாரோ அவருக்குச் சீட்டு. தள்ளிய பணத்தில் மொக்கராசுவுக்கு ஐயாயிரம் கமிஷன். மிச்சத்தை இருபது பங்காக்கி, ஆளாளுக்கு அந்த மாதத் தவணையில் கழித்துவிடுவார். பதினைந்து தள்ளினால் பங்குக்கு ஐநூறு லாபம். இருபத்தைந்து தள்ளினால் ஆயிரம். உங்களுக்குத் தெரியாததா? ஆனால் நீங்கள் இதில் மறைந்திருக்கும் அழகைச் சொல்லவில்லை, மேடம். ஒருத்தன் அவசரம், பத்தொன்பது பேருக்கு வருமானம். அவசரக்காரனை எவ்வளவு முறுக்குகிறோமோ அவ்வளவு சாறு.

கடைக்கு வர முடியாதவர்கள் போனில் கேட்கலாம். மொக்கராசு போனை ஸ்பீக்கரில் போட்டுத் தராசுத் தட்டில் வைப்பார். "சீட்டுக்கு ஆளு எதுக்குய்யா? குரலு போதும். இருவது வருசமா குரலை நம்பித்தான் தொழில் பண்றேன்" என்பார். இதை அவர் சொல்லும்போதெல்லாம் எனக்கு உள்ளங்கை அரிக்கும். அரிக்குமா அரிக்காதா, நீங்களே சொல்லுங்கள்.

சீட்டில் ஒருவர் வெள்ளைக்கண்ணு. தண்ணி லாரி ஓட்டுகிறவர். ஞாயிறும் லோடு அடிப்பதால் ஏலத்துக்கு வர மாட்டார், எப்போதாவது போனில் கேட்பதோடு சரி. ஆள் ஆறடி, கை உலக்கை, குரல் மட்டும் ஆறு வயதுப் பெண்பிள்ளைக் குரல். அந்தக் குரலைக் கேட்டு யாராவது உதட்டோரம் சிரித்தால் தீர்ந்தது. டீக்கடையில் ஒருவன் சிரித்தான். முன்பல் இரண்டும் போயின. ஒன்று தரையில், ஒன்று தேங்காய்ச் சட்னியில். நான் பக்கத்தில்தான் பஜ்ஜி வாங்கிக்கொண்டிருந்தேன். கோபம் வந்தால் கையில் இருக்கும் போனை எதிராளி மண்டையில் எறிந்து உடைப்பார். அதனால் மாதம் ஒரு நம்பர். எந்த நம்பரிலிருந்து கூப்பிட்டாலும் கீச்சென்று இருந்தால் அது வெள்ளைக்கண்ணு. மொக்கராசு கேள்வியே கேட்க மாட்டார். கேட்டால் பல் போகும்.

இப்படி ஒரு குரலை ஆண்டவன் எனக்கென்றே செய்து அனுப்பியிருக்கும்போது நான் சும்மா இருந்தால் அது பாவம், மேடம்.

கேரளாவுக்கு வேலைக்குப் போன மாமா ஒரு பட்டன் போனை விட்டுவிட்டுப் போயிருந்தார். நாலாவது மாதம் தொடங்கினேன். எங்கள் மாவு மில் மொட்டை மாடி, தண்ணீர் தொட்டிக்குப் பின்னால். அம்மா கீழே இட்லி மாவு அரைத்துக்கொண்டிருப்பாள். அம்மா பெயர் ஒச்சம்மா. இரண்டு கிரைண்டர், ஒரு ஷட்டர், அவ்வளவுதான் எங்கள் மில். கிரைண்டர் சத்தத்தில் மாடியில் கொலை நடந்தாலும் கேட்காது. யாராவது பதினைந்து தள்ளுவார்கள். நான் கீச்சென்று, "பதினாறுடா!" என்பேன். அவர்கள் பதினேழு. நான் பதினெட்டு. இருபத்தைந்து வந்ததும் நான் நழுவிவிடுவேன். சீட்டு அவர்களுக்கு. லாபம் எல்லாருக்கும்.

மூன்று மாதம், ஒரு பிசகு இல்லை. அம்மா நாலாயிரத்து ஐநூறு கட்டிய இடத்தில் நாலாயிரம் கட்டினாள். "எவனோ ஒரு புண்ணியவான் ஏத்தி விடுறாண்டி, நல்லாருப்பான்" என்று கோழி வாங்கிவந்தாள். ஈரல் எனக்கு. நீங்கள் சொன்னீர்களே, சேமிப்பைச் சின்ன வயதிலேயே தொடங்க வேண்டும் என்று. பதினாறு வயதில் அம்மாவுக்கு மாதம் ஐநூறு சேமித்துக் கொடுத்தவள் நான். ஒரு கைத்தட்டல்கூடக் கிடையாது.

ஏழாவது மாதம். அதுதான் இந்தக் கை.

அன்றைக்குத் தள்ளு கேட்டவர் ஜெசிந்தா அக்கா. எதிர்வீட்டில் ஜாக்கெட் தைக்கிறவர். எதைச் சொன்னாலும் பின்னால் 'ஏசுவே' சேர்த்துக்கொள்வார்.

"பதினைஞ்சு, ஏசுவே."

"பதினாறுடா!"

"பதினெட்டு."

"இருவது!"

வழக்கம்போல இருபத்தைந்தில் நழுவியிருப்பேன். ஆனால் அக்கா குரலில் ஒரு நடுக்கம் வந்தது, மேடம். நடுக்கம் என்றால் அவசரம். அவசரம் என்றால் இன்னும் சாறு இருக்கிறது. முப்பது என்றேன். முப்பத்தொன்று என்றார். நாற்பது என்றேன். மொக்கராசு, "தாயி, விட்ருமா, அடுத்த மாசம் எடுத்துக்கலாம்" என்பது கேட்டது. அக்கா அழுகிற குரலில், "நாப்பத்தொண்ணு" என்றார். இந்தத் தடவை 'ஏசுவே' இல்லை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தொட்டியில் முகத்தை வைத்து அழுத்திக்கொண்டேன். பிறகு கேட்டேன்: "நாப்பத்தி நாலுடா! இருக்கியா, எந்திரிச்சுப் போறியா?"

"நாப்பத்தஞ்சு."

நழுவிவிட்டேன். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். மொக்கராசு ஸ்பானரால் தண்டவாளத் துண்டில் டங்கென்று அடிக்கிற சத்தம் கேட்டது. அக்காவுக்கு ஐம்பத்தைந்தாயிரம். எங்களுக்கெல்லாம் பங்குக்கு இரண்டாயிரம் லாபம்! அம்மா அந்த மாதம் மூவாயிரம்தான் கட்ட வேண்டும். நான் மாடியில் ஆடினேன்.

வெள்ளைக்கண்ணு அந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்று நினைக்கிறீர்கள்? போலீஸ் அவுட்போஸ்ட்டில். காலையில் ஒருத்தனைக் குடத்தால் அடித்ததற்காக உட்கார வைத்திருந்தார்கள். போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குப் போலீஸே சாட்சி.

பன்னிரண்டரை மணிக்கு வெளியே வருகிறார், லாரிப் பக்கத்தில் ஜெசிந்தா அக்கா. கையில் துணி வெட்டும் கத்தரிக்கோல். "எம் பொழப்புல மண்ண அள்ளிப் போட்டியேடா, பாவி!" என்று பாய்ந்துவிட்டார். ஏசுவுக்கும் அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு போல. வெள்ளைக்கண்ணு கையைப் பிடித்து நிறுத்தி, நடந்ததைக் கேட்டுக்கொண்டார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். "எங் கொரல்லயா?"

அவருக்குத் தெரிந்தது ஒரே கணக்கு. தராசுத் தட்டில் இருந்த போன் மொக்கராசுவுடையது. டம்மி ஆள் வைத்து ஏற்றியது மொக்கராசுதான்.

நான் மாடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தேன். கிரிக்கெட் வர்ணனைக் குரலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "இதோ கடைக்குள் நுழைகிறார் வெள்ளைக்கண்ணு! ஐந்து கிலோ எடைக்கல்லைத் தூக்குகிறார்! அருமையான வீச்சு!" கல் மொக்கராசுவின் முழங்கையில் பட்டது. பட்டாசுச் சத்தம். மொக்கராசு லேசுப்பட்டவரா? இருக்கும் கையால் ஒரு பைப்பை உருவி வெள்ளைக்கண்ணு தோளில் போட்டார். அந்த ஆறடி உடம்பு கீச்சென்று கத்திக்கொண்டு பழைய பாத்திரக் குவியலில் விழுந்தது. சீட்டு எடுத்தவர்கள் ஒரு பக்கம், எடுக்காதவர்கள் ஒரு பக்கம். பழைய இரும்புக் கடையில் சண்டை போட்டால் ஆயுதத்துக்குப் பஞ்சமா? ஆளுக்கொன்று அகப்பட்டது. ஒருவர் சைக்கிள் செயினைச் சுழற்றித் தன் மூக்கையே கிழித்துக்கொண்டார். மூன்று பேருக்குத் தையல். ஆம்புலன்ஸ் வந்து இரண்டு நடை அடித்தது. அன்றோடு சீட்டும் படுத்துவிட்டது. எடுத்தவர்கள் கட்டமாட்டோம் என்றார்கள். எடுக்காதவர்கள் ஏழு மாதப் பணத்துக்கு இன்னும் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறார்கள். மொக்கராசு மாவுக்கட்டைக் காட்டி, "கேஸு முடியட்டும்" என்கிறார்.

இதற்கு நான் எப்படிப் பொறுப்பு? அடித்தவர்கள் அவர்கள். நான் ஒரு கல்லைத் தொட்டேனா?

போனைத் தொட்டிக்குள் போட்டுவிட்டுக் கீழே வந்தேன். ஜெசிந்தா அக்கா அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். நடுவில் ஐம்பத்தைந்தாயிரம். அவர் வீட்டுப் பணம் எங்கள் மில்லில் என்ன செய்கிறது என்று முதலில் புரியவில்லை.

அது எங்கள் பணம், மேடம். ஜெசிந்தா அக்கா பெயரில் அம்மா போட்ட இரண்டாவது சீட்டு.

எனக்குத் தெரியாமல். பெற்ற மகளுக்குத் தெரியாமல்! ஏன் மறைத்தாய் என்று கேட்டதற்கு அம்மா சொன்ன பதிலைக் கேளுங்கள். "ஒங்கிட்டச் சொன்னா சாயங்காலமே தெரு பூரா எங் கொரல்ல நாடகம் போடுவ. சன்னாசி காதுக்குப் போனா ஏலத்துலயே வந்து உக்காந்துக்குவான்."

சன்னாசி வட்டிக்கு விடுகிறவர். அப்பா அம்மாவிடம் கையெழுத்து வாங்கி ஐம்பதாயிரம் கடன் எடுத்துக்கொண்டு திருப்பூர் போனார். கையெழுத்து இங்கே இருக்கிறது, அவர் இல்லை. ஐம்பது குட்டி போட்டு எழுபத்தைந்தாகியிருந்தது. கெடு அந்த ஞாயிறு சாயங்காலம். மூன்று மாதமாக ஏலம் இருபத்தைந்தில்தானே நிற்கிறது, இருபத்தைந்து தள்ளினால் சரியாக எழுபத்தைந்து வரும் என்று அம்மா கணக்குப் போட்டிருக்கிறாள். இருபதாயிரம் குறைந்துவிட்டது.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பதினைந்திலேயே முடித்துக் கொடுத்திருப்பேன். பத்தாயிரம் மிஞ்சியிருக்கும். குடும்பத்துக்குள் ஒளிவுமறைவு கூடாது என்று உங்கள் பேச்சில் நீங்கள் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

ஐந்து மணிக்கு சன்னாசி வந்தார். கூட இரண்டு ஆட்கள். நான் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். அம்மா பணத்தை நீட்டினாள். சன்னாசி எண்ணவே இல்லை, உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார்.

"இருவது கம்மியா இருக்கே, ஒச்சம்மா?"

"ஒரு மாசம் பொறுங்கண்ணே. மாவு வித்துக் கட்டிர்றேன்."

"மாவா?" என்று ஆட்களைப் பார்த்தார். "அந்த மாவு எங்கருந்து வருதுன்னு காட்டுங்கடா."

கடப்பாரையால் போட்டான் ஒருவன். முதல் கிரைண்டரின் கல் இரண்டாகப் பிளந்தது. மாவு தரையெல்லாம் ஓடியது. அம்மா அவன் காலைப் பிடித்தாள். அவன் உதறினான். வழுக்கி விழுந்தாள். எழுந்திருக்க ஊன்றிய கையை மற்றவன் செருப்புக் காலால் மிதித்துக்கொண்டு நின்றான். அம்மா கத்தவில்லை. பல்லைக் கடிக்கிற சத்தம் மூட்டைக்குப் பின்னால் இருந்த எனக்குக் கேட்டது. அந்தச் சத்தத்தை மட்டும் என்னால் இன்னும் செய்ய முடியவில்லை. முயன்று பார்த்தேன். வரவில்லை.

கடப்பாரைக்காரன் இரண்டாவது கிரைண்டருக்குப் போனான். அது போனால் மில் இல்லை. என்னிடம் என்ன ஆயுதம் இருக்கிறது, மேடம்? கீச்சென்று கத்தினேன்.

"எவன்டா அவன்! பொம்பளைய மிதிக்கிறவன் எவன்டா! இந்தா வாரேன் இரு!"

மூன்று பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். மிதித்தவன் காலை எடுத்துவிட்டான். கடப்பாரைக்காரன் மெதுவாக, "அண்ணே, வெள்ளைக்கண்ணு தோளு முறிஞ்சு பெரியாஸ்பத்திரியிலல்ல கெடக்கான்?" என்றான்.

"நாந்தானே பாத்துட்டு வந்தேன்" என்றார் சன்னாசி. அவர் முகத்தில் வியர்த்ததைப் பார்க்க வேண்டுமே! "செத்துக்கித்துப் போயிட்டானாடா?"

பேய் என்று நினைத்துவிட்டார்கள்! எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. மூட்டைக்கு மேல் எழுந்து நின்று இன்னும் பலமாகக் கத்தினேன். "ஆமாண்டா! செத்துத்தான் வந்திருக்கேன்!" எழுந்து நின்றதுதான் தவறு. அங்கேதான் என் தொழில் கெட்டது.

அம்மா தரையிலிருந்து பார்த்தாள். குரல் எந்த வாயிலிருந்து வருகிறது என்று பார்த்தாள். 'யாரோ வெள்ளைக்கண்ணு குரலில் கேட்டிருக்கிறார்கள்' என்று ஜெசிந்தா அக்கா மத்தியானம் முழுக்கச் சொல்லி அழுதிருந்தார் அல்லவா? அம்மா எழுந்தாள். முகம், முடி எல்லாம் மாவு. ஷட்டரை இழுக்கிற கம்பி சுவரோரம் நின்றது. அதை எடுத்தாள்.

முதல் அடி இங்கே. இரண்டாவதும் இங்கேதான். முறிந்தது இரண்டாவதில். மூன்றாவது அடியைத் தலைக்கு ஓங்கினாள். அப்போது யார் தடுத்தது தெரியுமா? சன்னாசி! "தாயி, புள்ளையக் கொன்னுறாத தாயி!" என்று பின்னால் இருந்து கட்டிப் பிடித்துக்கொண்டார். கடப்பாரைக்காரன்தான் என்னைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினான். வழியெல்லாம், "அழுவாத பாப்பா, ஒங்கம்மா ஒரு ராட்சசி" என்றான். ஆட்டோவுக்கு அவனே காசு கொடுத்தான்.

அந்த அடியைப் பார்த்த பயத்தில் சன்னாசி கெடுவைத் தள்ளிவைத்தார். இருபத்தெட்டாம் தேதி நாலு மணி. கணக்குப் பாருங்கள், ஒரு எலும்பு போட்டேன், பதினெட்டு நாள் தவணை எடுத்தேன். இது முதலீடு இல்லையா?

டாக்டரிடம் அம்மா, "மாவுல வழுக்கி விழுந்துட்டா" என்று சொன்னாள். இன்றுவரை யாரிடமும் உண்மையைச் சொல்லவில்லை, ஜெசிந்தா அக்காவிடம்கூட. வெள்ளைக்கண்ணு தோளில் கட்டோடு தெருத் தெருவாக, "எவன்னு தெரிஞ்சா கொரவளையப் பிடுங்கிருவேன்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். எங்கள் மில்லிலும் வந்து கேட்டார். அம்மா தலையை நிமிராமல், "தெரியலண்ணே" என்றாள். சொந்த மகளிடமே ஏமாந்ததை வெளியில் சொல்ல வெட்கம் போல. என்னிடம் பேசுவதும் இல்லை. சோற்றைப் போட்டுவைத்துவிட்டுப் போய்விடுவாள். வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசிக்கொள்கிறேன். "சாப்டியாடி?" "சாப்ட்டேம்மா." அச்சு அசல் அவள் குரல்தான். அவள் திரும்பிப் பார்ப்பதில்லை.

அநியாயம் இல்லையா? அம்மாவுக்கு இருபதாயிரம் குறைந்தது, சரி. அதே நாளில் இருபது பங்குக்கும் ஆயிரம் ஆயிரம் கூடியது. கூட்டிப் பாருங்கள். ஒரு ரூபாய் எங்கேயும் போகவில்லை! மொத்தமாகப் பார்த்தால் யாருக்கும் நஷ்டமே இல்லை, மேடம். நீங்கள் பேங்க்கில் இருக்கிறவர், உங்களுக்காவது இது புரிய வேண்டும்.

புரிகிறது இல்லையா? அதனால்தான் உங்களிடம் வந்தேன்.

மணி என்ன, மூன்று ஐம்பத்தெட்டா? இன்று இருபத்தெட்டு.

ஆசை வேறு, தேவை வேறு என்று நீங்கள் சொன்னபோது நான் வெளியே போனேன் அல்லவா? ஆபீஸ் ரூமில் யாரும் இல்லை, எல்லாரும் உங்கள் பேச்சில் இருந்தார்கள். அங்கிருந்து சன்னாசிக்குப் போன் போட்டேன். "மிஸ்டர் சன்னாசி, நான் பேங்க்லேர்ந்து உமையாள் பேசறேன், ம்? ஒச்சம்மா லோன் சாங்ஷன் ஆயிடுச்சு, ம்? இருபதாயிரம்தானே? மில்லுக்குப் போகாதீங்க. ஸ்கூலுக்கு வாங்க, நானே என் கையால தர்றேன், ம்?" மரியாதையாக, "சரிங்கம்மா" என்றார். உங்கள் குரலுக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது, சந்தோஷப்படுங்கள். டிரைவருக்கும் இதே குரல்தான், காருக்குப் பின்னால் நின்றபடி. "டீ சாப்ட்டு வாங்க, லேட்டாகும், ம்?"

பர்ஸைத் திறக்க வேண்டாம், உங்களிடம் அவ்வளவு இருக்காது என்று தெரியும். 'அடுத்த மாதம் தருகிறோம்' என்று ஒரே ஒரு வாக்கு. பேங்க் வாக்கு. அது போதும், அந்த ஒரு கிரைண்டர் ஓடும்.

கேட்கிறதா? புல்லட். இல்லை மேடம், இந்தச் சத்தம் நான் போடவில்லை. கேட்டில் திரும்புகிறார்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவன் மடியில் இருப்பது கடப்பாரைதான். பயப்படாதீர்கள், அவன் நல்லவன். பிள்ளைகளை அடிக்க மாட்டான். பெரியவர்களை மட்டும்தான்.

ஐயோ, உதடு நடுங்குகிறதே. நாக்கு எழவில்லையா? பரவாயில்லை. இப்படி எனக்கு முன்னால் வந்து நில்லுங்கள், நான் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்கிறேன். நீங்கள் வாயை மட்டும் அசையுங்கள், ம்?